தேய்ச்சாச்சு என்றேன்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில், பாகங்களை வாங்கிப் பூட்டி நானும் மனைவி சுமதியும் ஒரு கார் செய்துகொண்டிருந்தோம். கதவுக்கு அலுமினியத் தகடு வெட்டினேன். வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்துக் கூர்மையை எடுக்க வேண்டும். அன்று சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

“என்னங்க, ஓரம் தேய்ச்சாச்சா?”

“தேய்ச்சாச்சு, தூக்கு.”

நம்பித் தூக்கினாள். தகடு நழுவி உள்ளங்கையை ஆழமாகக் கிழித்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “என் தப்புதாங்க, க்ளவுஸ் போடலை” என்றாள். நான் பணம் கட்டக் கவுண்டருக்குப் போனேன்.

நரம்பு அறுந்து, இரண்டு விரல்களில் இன்றும் உணர்ச்சியில்லை. கார் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்களிடம் தழும்பைக் காட்டி, “என்னை மாதிரி அஜாக்கிரதையா இருக்காதீங்க” என்று சிரிக்கிறாள்.

ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.