ஏவரியின் சொந்தக்காரர்

1994 பெப்ரவரி எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, நான் இந்தியாவுக்குப் புறப்பட்டேன். நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட் முழுவதும் பனி. டாக்ஸி வந்து நின்ற பிறகுதான் கோணேஸ்வரி அன்ரி வீட்டுச் செருப்போடு கீழே ஓடிவந்து ஒரு கடதாசித் துண்டை என் கையில் வைத்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரும், அதன் கீழே ‘ஏவரி’ என்ற பெயரும் எழுதியிருந்தன.

அன்ரி எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி. நாட்டு வைத்தியம் பார்த்த திருகோணமலைப் பரியாரி ஒருவரின் மகள். வயதானவர்களைப் பராமரிப்பது அவருக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் மிஸ் றோஸ்மேரியின் வீட்டுக்குப் போவார். றோஸ்மேரிக்கு எண்பது வயது. கல்யாணமும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஊரில் தகப்பன் செய்வதுபோல இலைத்தூள் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அன்ரி அந்த வெள்ளைத் தலையில் தேய்ப்பார். றோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டு பாட்டனாரின் கதையைச் சொல்லுவார்.

பாட்டனார் திண்டிவனத்துப் பக்கம் நீலச்சாயத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர். இரசாயன நீலம் வந்து அந்த வியாபாரம் படுத்துவிட்ட பிறகு மனைவி பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு அவர் மட்டும் அங்கேயே இருந்து செத்தார். ‘ஏவரியை விட்டு வர என்னால் முடியாது’ என்பது அவருடைய கடைசிக் கடிதம். யாரோ ஊர்ப்பெண் என்று நினைத்துக் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. றோஸ்மேரி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏவரிக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால், தன்னுடைய மூக்கோடு எங்கோ யாரோ நடந்து திரிவார்கள்.

“அவவுக்கு ஒரு சொந்தம் கிடைக்கட்டும் பிள்ளை,” என்றார் அன்ரி, டாக்ஸிக் கதவைப் பிடித்தபடி.

எங்கெங்கோ அலைந்து, ஒரு வருடம் கழித்துத்தான் அந்த ஊருக்குப் போனேன். முன்பு நீலம் ஊறவைத்த, உடைந்த செங்கல் தொட்டிகளில் மழைத்தண்ணீர் நின்றது. அதற்குள் வானம் அசையாமல் கிடந்தது. ஆடு மேய்த்த பெண்ணிடம் ஏவரி என்றொருத்தியைத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

“அவுரியா? தோ, உங்க காலாண்டதான் இருக்குது.”

குனிந்து பார்த்தேன். சிறிய இலைகளோடு ஒரு செடி. நீலம் எடுக்கிற செடி. வெள்ளைக்காரக் காது அதை அப்படிக் கேட்டு எழுதியிருக்கிறது.

திரும்பிவந்து சொன்னபோது அன்ரி எண்ணெய்ப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலுக்குள் இருந்ததும் அவுரிதான். சின்ன வயதில் அந்த இலையை இடித்து இடித்துக் கை வீங்கியதாம்.

“அஞ்சு வருசமாப் பூசிறன். அவ ஏவரி எண்டா, நானும் ஏவரி எண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன்.”

சொல்லாமல் விடுவோம் என்றேன் நான். இல்லாத சொந்தத்தை வைத்துக்கொண்டு அவ எத்தனை நாளைக்கு வாசலைப் பார்ப்பா என்று கேட்டுவிட்டு, நான் கொண்டுவந்த அவுரி விதைகளோடு அன்ரி அடுத்த நாளே றோஸ்மேரியிடம் போனார். அவர் தலையில் எண்ணெய் தேய்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். றோஸ்மேரி போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். விதைப் பொட்டலத்தைத் தலையணைக்கடியில் வைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவரை றிச்மண்ட் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அன்ரி அஜக்ஸில் வீடு வாங்கிப் போனார். றோஸ்மேரிக்குத் தன்மேல் கோபமாக்கும் என்று நினைத்து அன்ரியும் கூப்பிடவில்லை.

1998 கோடையில் றிச்மண்ட் ஹில்லிலிருந்து அன்ரிக்கு ஒரு தபாலட்டை வந்தது. இங்கிலிஷில் எழுதியிருந்ததைப் போனில் எனக்குத் தமிழாக்கி வாசித்தார்:

“ஜன்னலில ஏவரி ஒரு அடி வளந்திட்டா. தன்ர சொந்தக்காரி எங்கை எண்டு கேக்கிறா. எண்ணெயும் முடிஞ்சுபோச்சு. வா, கோணேஸ்.”