தீப்பிடிக்காத மலை

உறையூர் மாத்ருபூதம் வனக்காப்பாளராக இருந்த காலம் முழுக்க அவர் காவலில் இருந்த மலை ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை. காகிதத்தில்தான். பங்குனி பிறந்தால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். காவலாள் மூக்கன் பச்சைத் தழையால் அடித்தே அணைப்பான். தீ என்று எழுதினால் விசாரணை வரும், மெமோ வரும். மற்ற மலைக்காரர்கள் பாதியாவது எழுதுவார்கள். நம்ம ஆள் ‘தீ இல்லை’ என்று எழுதிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவில் இருந்த வீட்டைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, அந்த மலையடியிலேயே நிலம் வாங்கி, வீடு கட்டி, முந்திரி வைத்தார். அங்கேயா என்று அவர் மனைவி கமலவல்லி தலையில் அடித்துக்கொண்டார். மூக்கன் இருக்கிறான் என்றார் இவர்.

அந்த வருஷம் பார்த்து வன ஆபீஸில் கம்ப்யூட்டர் கணக்கு வந்து தொலைத்தது. பழைய ரிப்போர்ட்டையெல்லாம் போட்டால், எந்த மலையில் தீப்பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லுமாம். வாய்ப்பு அதிகமுள்ள மலைக்குத்தான் ஆளும் தண்ணீர் லாரியும். இவர் மலைக்கு வந்தது பூஜ்யம். மூக்கனை வேறு மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாத்ருபூதம் பஸ் பிடித்துத் திருச்சிக்கு ஓடினார். கணக்குப் போடும் அதிகாரி சித்ராதேவி எழுந்து நின்று மரியாதை செய்து, டீ வரவழைத்தார்.

“அந்த மலை வருஷா வருஷம் எரியும்மா.”

“உங்க ரிப்போர்ட்ல ஒரு தடவைகூட இல்லையே சார்?”

“சின்னச் சின்னத் தீ. எழுதல.”

“அப்போ பொய் ரிப்போர்ட்னு ஆயிடும் சார். உங்க பென்ஷன்லயே கை வெச்சிடுவாங்க. வேண்டாம், விடுங்க.”

மாத்ருபூதம் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

பங்குனி சொன்ன சொல் தவறவில்லை. முந்திரி மொத்தமும் போனது, வீட்டின் முன்கொட்டகையும் போனது. உயிர் தப்பியதே பெரிது. பார்க்கப் போன எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, பொய் சொல்வானேன்.

நான் இருக்கும்போதே புது வனக்காப்பாளர் ஆசீர் வந்தார். மாத்ருபூதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எரிஞ்சதுன்னு எழுதிடுப்பா. அடுத்த வருஷமாவது ஆள் வரட்டும்.”

“பூஜ்யம்னு வந்த மலை எப்படி எரிஞ்சதுன்னு என்னைத்தான் கேப்பாங்க சார். உங்களுக்குத் தெரியாததா?”

சாம்பல் மேல் நின்றுகொண்டே ஆசீர் ‘தீ இல்லை’ என்று எழுதினார். பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம், மாத்ருபூதத்திடமே பேனாவை நீட்டினார்.

மாத்ருபூதம் கருகிய முந்திரியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.