வெறுங்காலுக்கு எவ்வளவு சூடு

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காபி போட்டேன். மாடித் தொட்டியில் தண்ணீர் முக்கால் அளவு இருந்தது. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலின் சத்தம் கேட்டபோது சவரம் செய்துகொண்டிருந்தேன். ஏழரைக்கு நான்கு இட்லி. எட்டு மணிக்கு நோட்டு, டேப், வெப்பமானி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு தங்கையைப் பார்க்கக் கிளம்பினேன். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். அன்று போனது வேறு வேலைக்கு.

தங்கையும் மாப்பிள்ளையும் முருகன் கோயில் மலையடிவாரத்தில், மொட்டை போட்டுக்கொண்டு வரும் பக்தர்களுக்காகக் குளியலறைகள் நடத்துகிறார்கள். ஆறு அறைகள், ஒரு வெந்நீர் அண்டா. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். கார்த்திகையில் நாள் குறித்தார்கள். அதற்குள் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டியதாயிற்று. மறுபடி குறித்த நாள் பிப்ரவரி 3, திங்கள் காலை.

"தண்ணிய சுட வெச்சிக்கலாம் அண்ணா. தரைய இன்னா பண்றது? காலையில ஐஸ் கணக்கா இருக்குது. மொட்டைத் தலையோட அதுல இவளை உக்கார வெக்க மாட்டேன். இந்தத் தடவையும் தள்ளிப் போட்டுடறேன்" என்று மார்கழி பாதியிலேயே தங்கை சொல்லிவிட்டாள்.

தரையைச் சுட வைத்தவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். பழைய ரோமானியர்களின் பொதுக் குளியல் கூடங்களைப் பற்றி முன்பே படித்து, நோட்டில் நான்கு பக்கம் படம் போட்டு வைத்திருந்தேன். பிளான் வரைகிறவனுக்கு அது விருந்து. துணி அவிழ்த்து வைக்க மாடங்கள் உள்ள அறை. அடுத்து இளஞ்சூடான அறை. அதற்கப்பால், மாலை வெயில் விழும் பக்கமாகப் பார்த்துக் கட்டிய வெந்நீர் அறை. கடைசியில் குளிர்ந்த நீர்த் தொட்டி. சூடான அறையின் தரை மண்ணில் படாது. சிறு சிறு செங்கல் தூண்களின் மேல் நிற்கும். சுவருக்கு வெளியே அடுப்பு. அதன் அனல் தூண்களுக்கு நடுவே புகுந்து, தரைக்கு அடியில் பரவி, சுவருக்குள் பதித்த மண் குழாய்கள் வழியாக மேலே போகும். ஊரே மத்தியானத்தில் அங்கே போய்விடுமாம். உடம்பில் எண்ணெய் தேய்த்து, அதை வளைந்த தகட்டால் வழித்து எடுப்பார்களாம். சீயக்காய் தெரியாத ஜனங்கள், பாவம்.

ஆறாவது அறையின் தரையைப் பெயர்த்து அப்படியே செய்தோம். ஆர்.கே.பேட்டையிலிருந்து கொத்தனார் வந்தார். எட்டு எட்டு செங்கல்லாக அடுக்கித் தூண்கள். அவற்றின் மேல் இரண்டடிக்கு இரண்டடி கடப்பாக்கல். புதன்கிழமை அடுப்பில் பச்சை வேப்பிலையைப் போட்டுப் புகைய விட்டுப் பார்த்தேன். அறைக்குள் துளி புகை வரவில்லை. எல்லாம் கூரைக்கு மேலே குழாயில் போயிற்று. ஞாயிறு முழுச் சோதனை.

ஒன்பதரைக்கு சவுக்கு விறகைப் பற்ற வைத்தோம். பதினொன்றுக்கு உள்ளே போனேன். சுவரில் மாட்டிய வெப்பமானி முப்பத்து நான்கு டிகிரி காட்டியது. சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன், இதமாக இருந்தன. நோட்டில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வெளியே வந்து மாப்பிள்ளையைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குழந்தையின் குளியல் பலகையோடு உள்ளே போனார். இரண்டாவது அடியில் பலகை கீழே விழுந்தது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"பாவா, இது குளிக்கிற எடமா, தோசை ஊத்துற எடமா?" என்றார். மச்சானான என்னை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"வெப்பமானி முப்பத்து நாலுதானே காட்டுது?"

"அது செவுத்துல மாட்டிக்கினு சொகமா கீது. நான் கீழ நின்னுகினு கீறேன்."

தங்கை என் கால்களைப் பார்த்தாள். நான் செருப்போடு நின்றிருந்தேன். "அண்ணா, நீ இதைப் போட்டுகினேவா உள்ள போய் அளந்த?"

ஆமாம். கட்டடம் நடக்கும் இடத்தில் ஆணி இருக்கும், கம்பி இருக்கும். எல்லா நாளும் செருப்போடு நடந்து பழகிவிட்டேன். நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'சூடான அறையில் தடித்த அடியுள்ள செருப்பு அணிந்து நடந்தார்கள்.' தேதி கூடப் போட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை.

"அப்ப நாமளும் பத்து ஜோடி வாங்கி வெச்சிடலாமா?" என்றார் மாப்பிள்ளை பலகை மேலிருந்தே.

"குளிச்சிட்டு மலை ஏறப் போற காலுல செருப்பா? ஒருத்தர் கூட தொட மாட்டாங்க" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வேணாம் அண்ணா. வீட்டுக்குப் போய் நான் எல்லாருக்கும் போன் பண்ணிடறேன்" என்றாள்.

"மூணு மணி வரைக்கும் போன் பண்ணாதே" என்றேன்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தூண்களின் மேல் போட்ட ஓட்டுக்கல்லுக்கு மேலே ஒரு முழம் கனத்துக்கு அவர்கள் சுண்ணாம்புக் காரை போட்டிருந்தார்கள். அது பாரம் தாங்குவதற்கு என்று நினைத்து, கடப்பாக்கல் பலமானது, தேவையில்லை என்று நான்தான் அடித்துவிட்டேன். அந்தக் கனம் சூட்டை மெதுவாக வாங்கி, மெதுவாக விடுவதற்கு. கொத்தனாரிடம் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"காரை போட்டா நாளைக்குள்ள காயாது சார். மணலு கொட்டி, மிச்சம் கீற கல்லை மேல பரப்பிடலாம். சந்துல சிமெண்ட்டு வெச்சா சூட்டுல இறுகிடும். பாப்பா குளிக்கிறதுக்குத் தாங்கும். அடுத்த வாரம் வந்து நல்லாப் பூசித் தரேன்."

விறகை வெளியே இழுத்து ஆற விட்டோம். தண்ணீர் ஊற்றினால் கல் வெடிக்கும் என்று கொத்தனார் யாரையும் கிட்டே விடவில்லை. தக்காளி சோறு சாப்பிட்டோம். ஒன்றரைக்கு மணல், நான்கு அங்குலம். அதன் மேல் துணி துவைக்கும் மேடைக்காக வைத்திருந்த கடப்பாக்கற்கள். தண்ணீர் ஓட ஓர் அங்குலச் சாய்வு வைத்தேன். அதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். தரை உயர்ந்ததில் நிலைவாசல் தாழ்ந்துபோய், உயரமான மாப்பிள்ளை இரண்டு முறை இடித்துக்கொண்டார். "முருகனுக்கு முன்னாடி இந்த ரூமு கும்புட வெக்குது பாவா" என்றார்.

மூன்று மணி ஆகியும் தங்கை யாருக்கும் போன் பண்ணவில்லை.

நாலேகாலுக்கு மறுபடி தீ, இந்த முறை சிறியதாக. ஐந்தரைக்குக் கல் தண்ணென்று இருந்தது. "ஏறவே இல்லையே" என்றாள் தங்கை. "இது தோசைக்கல்லு இல்லம்மா, ஒடனே காயறதுக்கு" என்றார் கொத்தனார். சூடு எப்போது வருகிறது என்று பார்க்க நால்வரும் அதிலேயே உட்கார்ந்தோம், எல்லோரும் வெறுங்காலோடு. ஆறேகால் வாக்கில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போவதைக் கவனித்தேன். கொத்தனார் காலை நீட்டிவிட்டார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து, தன் கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பு இல்லாத கதையை ஆரம்பித்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து குளித்து முடித்த ஒரு நெசவாளர் தம்பதி கதவில் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாங்க, எல்லாரும் உள்ள உக்காந்துகினு கீறீங்க?"

"தரை காயுதான்னு பாத்துகினு கீறோம்."

"காயுதா?"

"ஆங், நீங்களே உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தவர்கள் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தறி விலையும் மருமகளும் பேச்சில் வந்து போனார்கள். ரோமானியர்கள் மத்தியானம் முழுக்கக் குளியல் கூடத்தில் என்ன செய்தார்கள் என்று படித்தபோது எனக்குப் புரியாமலிருந்தது. ஏழு மணிக்குக் கல் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்தது. தீயை அணைத்து, அடுப்பு வாயைச் செங்கல்லால் அடைத்தேன். காலை வரை சூடு நிற்குமா என்பது எந்த நோட்டிலும் இல்லை. தங்கை வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, பாலும் வாங்காமல், முதலில் அங்கேதான் போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. தங்கை எனக்கு முன்பே வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் குழந்தையின் காலிலிருந்து கழற்றாத கம்பளி உறைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கல்லின் மேல் நிற்க வைத்தாள். அது குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தது. பிறகு தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கல்லைத் தட்டிற்று.

"போய் மொட்டை போடறவரைக் கூட்டிகினு வா" என்று வாசலில் நின்றிருந்த மாப்பிள்ளையிடம் தங்கை சொன்னாள்.