பழைய லயத்து மண்

நான்கு வருடங்களுக்கு முன், மலேசியாவின் ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஆரம்பித்த கதை இது. அப்போது எனக்கு ஐந்து மாதம். மசக்கையில் மற்றவர்களுக்கு மாங்காய் மேல் ஆசை வரும். எனக்கு மண் மேல் வந்து தொலைத்தது. மழை பெய்து வாசனை கிளம்பினாலே எச்சில் ஊறும். வெட்கத்தில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பூந்தொட்டி மண்ணை நான் வாயில் போட்டதைப் பார்த்துவிட்டவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. பீடோரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால், சிரித்தார்.

"அய்யோ, இது கண்ட உரமும் போட்ட மண்ணுலா! நான் நம்ம எஸ்டேட்டு மண்ணு கொண்டாந்து தாரேன். சுத்தமா இருக்கும். புள்ளத்தாச்சி ஆசப்பட்டா குடுத்துடணும்."

சொன்னபடியே அடுத்த வாரம் கொண்டுவந்தார். அவரும் என் கணவரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது ஆள் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் மட்டும் பாதி இடிந்து நிற்கிறது. தங்கள் பழைய வீட்டுச் சுவரோரம் தோண்டி, கல் பொறுக்கி, கிருமி சாகட்டும் என்று சட்டியில் வறுத்து, பிஸ்கட் டின் நிறைய அடைத்திருந்தார். சிட்டிகையில் தொடங்கினேன். பிறகு பிடி பிடியாகத் தின்றேன். டின் காலியாகும் முன்பே அடுத்தது வந்துவிடும்.

கிளினிக்கில் ரத்தம் போதவில்லை என்றார்கள். மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. வயிறு வேறு இறுக்கிப் பிடித்து வலித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா நேராகவே கேட்டார்: "மண்ணு, சாம்பல் ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றேன். உடனே ரத்தம் எடுத்தார்கள்.

ரிசல்ட் வந்த அன்று நாத்தனாரும் கூட இருந்தார். என் ரத்தத்தில் ஈயமாம்! மண் எங்கே எடுத்தது என்று டாக்டர் கேட்க, எங்க பழைய லயத்துச் சுவரோரம் என்று நாத்தனார் பெருமையாகவே சொன்னார்.

"பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்மா," என்றார் டாக்டர். " உரிஞ்சு சுவரோரம்தான் விழுந்து கிடக்கும். வறுத்தா பூச்சிதான் சாகும், ஈயம் போகாது. வயித்துல இருக்கற பிள்ளைக்கும் போயிருக்கும். மூளை வளர்ச்சியப் பாதிக்கலாம்."

"என் கையாலயே குடுத்தேனே!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் பிறந்ததும் அவள் ரத்தத்தையும் சோதித்தார்கள். அதிலும் ஈயம் இருந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அவளுக்கு ஊட்டியது அதைத்தான்.

தொடர்ந்து சோதித்துவந்ததில் ஈயம் மெல்ல மெல்லக் குறைந்தது. பேச்சு தாமதமாகத்தான் வந்தது, இப்போது வாயாடுகிறாள். ஆனாலும் அவள் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் எனக்கு அந்த பிஸ்கட் டின்தான் ஞாபகம் வருகிறது. நாத்தனார் பாசமாகத்தான் கொடுத்தார், நானும் ஆசையாகத்தான் தின்றேன். ஈயத்துக்கு அதெல்லாம் தெரியாதே.