கட்டைவிரலுக்கு எட்டு வாரம்

நாற்பத்தாறு வயது வரை என் இடதுகால் கட்டைவிரலை நான் நேராகப் பார்த்ததில்லை. செருப்புக்குள் போகும், வரும். அதன் வேலையை அது பார்த்துக்கொண்டது, என் வேலையை நான். போன ஐப்பசியில் புதுச் செருப்பு கடித்து மிளகு அளவுக்கு ஒரு புண் வந்தது. இரண்டு வாரத்தில் ஆறியிருக்க வேண்டும். மாறாக மிளகு சுண்டைக்காய் ஆனது, விரல் நுனி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பரிசோதனைக் கூடத்துக்கு எதிரிலேயே ஒரு காப்பியும் ஒரு சிகரெட்டும் குடித்தேன். என் புத்தியின் அளவை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பாளையங்கோட்டையில் ரத்தக்குழாய் பார்க்கும் டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விரலை அமுக்கிப் பார்த்தார். பேனா போல ஒரு கருவியைக் காலில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தன?”

“எப்பவாச்சும், டாக்டர்.”

“பதினஞ்சு” என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

டாக்டர் பதினைந்து என்றுதான் எழுதினார். “சர்க்கர இல்லன்னு சந்தோஷப்படாதீரும் வே. அதுக்காவது மாத்திர இருக்கு. உமக்குக் குழாய் சுருங்கிட்டு. நான் குடுக்குத மருந்து பேருக்குத்தான். சிகரெட்ட விடுததுதான் வைத்தியம். எட்டு வாரம். ஒண்ணு கூட ஆவாது. பொறவு பாப்பேன். புண்ணு மூடிருந்தா விரலு உமக்கு. மூடலன்னா எனக்கு.”

காப்பியும் டீயும் கூடாது என்றார். கட்டைவிரலுக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“உமக்குக் காப்பி தனியா வராது வே. கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வரும்.”

இவருக்கு என் விரல்மேல் ஒரு கண் என்று அப்போதே எனக்குப் பட்டது.

சந்தேகப்படுவது எனக்கு வெறும் குணம் இல்லை, சம்பளம் வாங்கும் தொழில். வண்ணார்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. தாத்தா பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து சரியா, புதன்கிழமை நிஜமாகவே புதன்கிழமைதானா, மாப்பிள்ளை படித்ததாகச் சொல்லும் படிப்பு உலகத்தில் உண்டா என்று எதையும் நம்பாமல் பார்ப்பதுதான் வேலை. ஒரு பத்திரிகை முடிந்தால் அரை கிளாஸ் காப்பி, ஒரு சிகரெட். முகூர்த்த மாதங்களில் ஊரிலுள்ள அத்தனை பேரின் கல்யாணத்துக்கும் நான் நெஞ்சைக் கொடுத்திருக்கிறேன்.

விட்ட முதல் மூன்று நாள் தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். நாலாம் நாள், “மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்” என்ற வரியில் ‘வாழ்த்தி’ சரியில்லை என்று தோன்றி ‘வீழ்த்தி’ என்று திருத்தினேன். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் தம்பி வள்ளியூர்க்காரன், முப்பது வயது, மரியாதை தெரிந்தவன். தாளைக் கொண்டுவந்து என் முன்னால் பையப் போட்டான்.

“அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்காரங்க மேல எதும் கோவமா?”

அதற்குப் பிறகு அவன் நான் திருத்தியதைத் திருத்தினான். எனக்கு அவன்மேலும் சந்தேகம் வந்தது. என் நாற்காலிக்கு ஆசைப்படுகிறானோ? சிகரெட்டை விட்டவனுக்கு உலகமே கூட்டுச்சதி. எதிர் டீக்கடை அண்ணாச்சி, நான் கடந்து போகும் நேரம் பார்த்துத்தான் பாலை உயரத் தூக்கி ஆற்றுகிறார். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் வந்து உட்காருபவன் இப்போதுதான் சிகரெட் குடித்துவிட்டு வந்திருப்பான். இருபது சீட் காலியாக இருந்தும் ஏன் அங்கன உட்கார்ந்தான்? மேலப்பாளையம் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் மடியில் பீடி இலைக் கட்டு. அதுவரை வெறும் சருகு வாசமாக இருந்தது, அன்றைக்கு மல்லிகைப்பூவாக மணந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினேன்.

வீட்டில் விசாரணை வேறு மாதிரி நடந்தது. என் மனைவி சேரன்மாதேவிக்காரி. எதையும் கேட்கமாட்டாள். சட்டையை வாங்கி மோந்து பார்ப்பாள். சோறு பரிமாறும் சாக்கில் என் வலது கை விரல்களை மோந்து பார்ப்பாள். வீட்டில் தீப்பெட்டி காணாமல் போனது. சாமி விளக்கையே கேஸ் லைட்டரால் பற்றவைக்கப் பார்த்து, அது பற்றாமல், பக்கத்து வீட்டில் போய் தீ வாங்கிவந்தாள்.

மூன்றாம் வாரத்தில் என் சட்டைப்பையில் நாலு கொய்யா இலை அகப்பட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கொல்லையில் முதல் பீடி குடித்த காலத்திலிருந்து எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்குக் கொய்யா இலைதான் வக்கீல். குடித்துவிட்டு இரண்டு இலையை மென்றால் வாய் நாறாது. இது அப்பாமார்களுக்குத் தெரியும், வாத்தியார்களுக்குத் தெரியும், கல்யாணமான பெண்களுக்கும் தெரியும். இதைவிடப் பீடிக்கட்டே பையில் இருந்திருக்கலாம், யாரோ வைத்துவிட்டார்கள் என்றாவது சொல்லலாம்.

“இது என்னது?”

“கொய்யா எல.”

“அது தெரியுது. எதுக்கு?”

“வாய் சும்மா இருக்க மாட்டேங்கு. ஆச வரும்போது மெல்லுதேன்.”

“குடிச்சிட்டு மெல்லுவாவ. குடிக்காம மெல்லுத ஆள இப்பந்தான் பாக்கேன்.”

சத்தியமாக அதுதான் உண்மை. ஆசை வந்தால் ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், போய்விடும். அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் இலை. ஆனால் என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு எங்கள் வீட்டில் மதிப்பு இல்லை. இருபது வருஷமாக “எப்பவாச்சும்” என்று சொன்ன வாய். அன்றிலிருந்து இலையைப் பையில் வைக்காமல், அச்சகத்தின் பின்னால் நிற்கும் மரத்தடிக்கே போய் மென்றேன். அதைப் பார்த்து முதலாளி நான் ஒளிந்து சிகரெட் குடிக்கிறேன் என்று முடிவுசெய்தார்.

இத்தனைக்கும் புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆறாம் வாரத்தில் மறுபடி மிளகு அளவுக்குச் சுருங்கியது. கத்தரிக்காய் நிறம் வெளுத்தது. காலையில் விரலைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. விரல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம் ஒரு நாள் என் மனைவி காலையிலேயே சேரன்மாதேவிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சாப்பிடாமல் அச்சகத்துக்கு வந்து, பத்து மணிக்குப் பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிடப் போனேன். செல்போனை மேஜையிலேயே வைத்துவிட்டேன். அது அடித்திருக்கிறது. வள்ளியூர்த் தம்பி எடுத்திருக்கிறான்.

“அண்ணாச்சி காப்பி குடிக்கப் போயிருக்காவ, மதினி. இப்ப வந்துருவாவ.”

மத்தியானம் வீட்டுக்குப் போனால் அவள் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடக்கூட இல்லை.

“நல்லா இருந்துச்சா?”

“என்னது?”

“காப்பி.”

“நான் ஏன் காப்பி குடிக்கேன்?”

“ஒங்க ஆபீஸ்காரந்தான சொல்லுதான். எனக்குக் காது கேக்கும். காப்பி போச்சுன்னா அதுவும் போச்சு. டாக்டர் சொல்லலியா, கூட ஆளக் கூட்டிட்டு வரும்னு.”

“ஏளா, இட்லி தின்னேன். நாலு இட்லி.”

“இட்லிய யாரும் குடிக்க மாட்டாவ.”

எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பயல் ஏன் அப்படிச் சொன்னான்? என் நாற்காலிக்குத்தான் என்பது உறுதியாகிவிட்டது. நாற்பத்தைந்து நாள் வாயைக் கட்டி, கொய்யா இலை தின்று, ஆடு மாதிரி ஆகிவிட்டேன். கடைசியில் குடிக்காத காப்பிக்குத் தீர்ப்பு. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தண்டனை கொடுத்தாகிவிட்டது, இனி குற்றம் மட்டும்தான் பாக்கி என்று தோன்றியது.

கொக்கிரகுளத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கி, அங்கேயே பற்றவைத்து, ஆற்றங்கரைக்கு இறங்கினேன். நன்றாக இல்லை என்று எழுதத்தான் ஆசை. ரொம்ப நன்றாக இருந்தது. முதல் இழுப்பில் அந்தத் தம்பியை மன்னித்தேன், இரண்டாவதில் அவளையும் மன்னித்தேன். முக்கால் பங்கு போனபோது கட்டைவிரலை யாரோ ஐஸ் கட்டிக்குள் சொருகியது போல வலித்தது. குனிந்து பார்த்தேன். நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. என் கண் முன்னால் அது டாக்டர் பக்கம் கட்சி மாறிக்கொண்டிருந்தது. மிச்சத்தை ஆற்றில் எறிந்தேன். பயத்தில் கொய்யா இலை ஞாபகம்கூட வரவில்லை.

வீட்டு வாசலிலேயே அவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டு அந்தத் தம்பிய ஏசினேன். அவங்க ஊருல காலைல பலகாரம் சாப்பிடுததத்தான் காப்பி குடிக்கதுன்னு சொல்லுவாவளாம். இட்லி, தோச எல்லாம் காப்பிதானாம். எனக்கு என்ன தெரியும்? மன்னிச்சிருங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்றம் வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து அவள் அழுதாள். நான் குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் குளித்தேன். வெளியே வந்தபோது உளுந்த வடை சுட்டு வைத்திருந்தாள். அப்போதும் பேசாமல் தின்றேன். ஏழு வாரமாக என் சட்டை, விரல், தலையணை உறை எல்லாம் மோந்தவள், குடித்துவிட்டு வந்த அந்த ஒரு நாள் மட்டும் மோந்து பார்க்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு வாரம் முடிந்து டாக்டரிடம் போனோம். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்.

“குடிச்சாரா?”

“ஒண்ணு கூட குடிக்கல டாக்டர். நாந்தான் இவுகள அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்.” அவள் குரலில் இருந்த பெருமையைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

டாக்டர் வெகுநேரம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா மூடி வந்திருக்கு. ஆனா ஓரத்துல புதுசா கறுத்திருக்கே. குடிக்காமலே இப்படின்னா நோவு தன்னால மேல ஏறுதுன்னு அர்த்தம். வச்சிருந்து பிரயோசனம் இல்ல. வார வியாழக்கிழம எடுத்திரலாம்.”

விரலை வைத்துக்கொள்வதா, அந்தப் பெருமையை வைத்துக்கொள்வதா? கட்டைவிரல் இல்லாமல் செருப்பு நிற்குமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். ஷூ வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“டாக்டர், ஒண்ணு.”

“என்ன ஒண்ணு?”

“குடிச்சேன். முழுசா ஒண்ணு கூட இல்ல. முக்கால்.”

“எப்போ?”

“பத்து நாள் இருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதான பாத்தேன். மிச்சம்?”

“ஆத்துல போட்டுட்டேன்.”

“அந்தக் கால்தான் வே உம்ம காலக் காப்பாத்துது” என்று சொல்லி அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமையை அடித்துவிட்டு இன்னும் ஆறு வாரம் என்று எழுதினார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். விரல் நுனியை அமுக்கிப் பிடித்து, பிறகு விட வேண்டும், வெளுத்த இடம் சீக்கிரம் சிவந்தால் நல்லது, நேரமானால் புகை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், உடனே கூட்டிவர வேண்டும் என்று அவளுக்குச் செய்து காட்டினார். “இவரு சொல்லுதத விட்ரும்மா. வெரலு சொல்லுததக் கேளு.”

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். வண்ணார்பேட்டையில் இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள்.

“அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்தியளே, கோவத்துல இல்ல, என்னா?”

“இல்ல.”

“நாத்தம் வந்துரும்னு.”

“ஆமா.”

“நான் அழுதேன்.”

“ஆமா.”

கொஞ்ச தூரம் நடந்தாள். “ஏழு வட தின்னிய.”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

ஆறு வாரமும் முடிந்தது, அதற்கு மேலும் ஆகிவிட்டது. புண் மூடிவிட்டது. நகம் மட்டும் கோணலாக முளைத்திருக்கிறது. முக்காலுக்குப் பிறகு எதுவும் குடிக்கவில்லை என்று இங்கே எழுதலாம், ஆனால் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். தினமும் காலையில் அவள் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை, என்னை எதுவும் கேட்பதில்லை. கட்டைவிரலை அமுக்கிப் பிடித்து, பிறகு விடுகிறாள். அது வெளுத்து, மறுபடி சிவக்கும் வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.