பஞ்சம்மாள் காட்டாமல் வைத்திருந்த பாஸ்போர்ட்

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிச்சரம் பின்னுபவள் பஞ்சம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி, எழுபத்து நான்கில் இந்தியப் பிரஜையாகக் கப்பலேறி வந்தவள். அப்போது வயது பதினாறு. முப்பது வருஷமாகியும் இங்குள்ள டீ மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை. “இது தேத்தண்ணியா, துணி அலசுன தண்ணியா?” என்று கேட்பாள். அவள் தலை தெரிந்தாலே டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு கரண்டி தூள் போடுவார்.

2004 தீபாவளி சீசனில் கோட்டைச்சாமி புது மேனேஜராக வந்தார். பஞ்சம்மாள் தோட்டத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

“நீ சிலோன்காரியா? வெடிமருந்து புழங்குற இடம்மா இது. வெளிநாட்டு ஆளை வச்சிருந்தா லைசென்ஸ் போயிரும். நாளைக்கு வராத.”

“அங்கன இருக்கையில இந்தியாக்காரி, ஒன் ஊருக்குப் போன்னாக. இங்கன வந்தா நீங்க இப்படிச் சொல்றீக!”

ரேஷன் கார்டைக் காட்டினாள். “அது அரிசி வாங்க” என்றார். வாக்காளர் அட்டையை நீட்டினாள். “அது ஓட்டுப் போட” என்றார்.

மறுநாள் ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, விருதுநகரில் தொழிலாளர் அதிகாரியாக இருந்த ஒரு அம்மாளிடம் மனுக் கொடுத்தாள். அந்த அம்மாள் கோட்டைச்சாமியை வரவழைத்தார்.

“விசாரணை இல்லாம எப்படி நிறுத்துனீங்க? மத்தவங்ககிட்ட என்ன ஆதாரம் வாங்கியிருக்கீங்க?”

“ரேஷன் கார்டு, மேடம்.”

“இவங்க காட்டுனதும் அதுதானே? ஆளுக்கொரு சட்டமா?”

கோட்டைச்சாமிக்கு வேர்த்தது. “அப்ப எல்லார்கிட்டயும் பிரஜைன்னு ஆதாரம் கேட்டுடறேன், மேடம்.”

“கேளுங்க. திங்கக்கிழமை நானே வர்றேன்.” பஞ்சம்மாளைப் பார்த்து, “உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா?” என்றார்.

“இருக்கு. முதல்ல மத்தவுக காட்டட்டும்.”

திங்கட்கிழமை எழுபது பேரும் வரிசையில் நின்றார்கள். மாரிசெல்வி கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருந்தாள். கோயில் வரி ரசீதோடு வந்திருந்தார் பெத்தணன். சங்கையா சட்டைக்கையைச் சுருட்டி அம்மை குத்திய தழும்பைக் காட்டினார். “இது கவர்மெண்டு வச்ச முத்திரைதானய்யா?”

எதுவும் செல்லாது என்றார் கோட்டைச்சாமி.

“சரி, உங்களோடது?” என்றார் அதிகாரி.

கோட்டைச்சாமி டிரைவிங் லைசென்ஸை எடுத்தார்.

“அது வண்டி ஓட்ட” என்றது பஞ்சம்மாளின் குரல்.

பிறகு மஞ்சள் பையிலிருந்து கண்டியில் வாங்கிய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி முறைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தியப் பிரஜைன்னு தெளிவா இருக்கு. உங்க சட்டப்படி பார்த்தா இவங்க ஒருத்தரை வச்சுத்தான் தீபாவளி ஆர்டரை முடிக்கணும் போலிருக்கே!”

கம்பெனியே சிரித்தது. பிறந்த இடத்தைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்த மாட்டேன் என்று கோட்டைச்சாமி எழுதிக் கொடுத்தார். பஞ்சம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். அதில் அவள் பெயருக்கு ஒரு ‘ம்’ குறைந்திருந்தது; அதையும் போடவைத்தாள்.

மத்தியானம் மாரிசெல்வி, “ஒனக்குப் பயமே இல்லையாக்கா?” என்று கேட்டாள்.

“நல்லாக் கேட்ட! மறுபடியும் கப்பல் ஏத்திருவாகளோன்னு அம்புட்டு நாளும் சோறு எறங்கல” என்றாள்.

மாரிசெல்வி தன் தூக்குச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். பஞ்சம்மாள் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, குழம்பில் உப்பு குறைவு என்றாள்.