மைக்கில் சொன்னது

ஜமுனாமரத்தூர் சந்தையில், புளி மண்டி முன்னால் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். கீழ்நாட்டு மண்டிக்காரர், அவருடைய எடை ஆள், புளி கொண்டுவந்த மலைக்காரர் சடையன், சடையனின் மனைவி, அலுமினியப் பாத்திரம் விற்க வந்த நான். சாயங்கால பஸ் வராதாம். மண்டிக்காரரின் லாரியில்தான் நான் மலை இறங்க வேண்டும். அவர் என்ன நினைப்பாரோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நெருக்கடி நிலை போய்விட்டது, இனி எவரும் பயமில்லாமல் பேசலாம் என்று நேற்று இங்கே கட்சிக் கூட்டத்தில் சொன்னார்களாம். அதை நம்பிச் சடையன் மைக்கைப் பிடித்துவிட்டார். மண்டிக்காரர்கள் எடையில் அடிக்கிறார்கள், வயதில் மூத்தவனையும் 'டா' போடுகிறார்கள் என்று பேசிவிட்டார்.

இன்று புளியை நிறுத்தாயிற்று. பாதிப் பணம்தான் சடையன் கைக்கு வந்திருக்கிறது.

"இன்னாடா, நேத்து மைக்ல பேசுனியே? சொன்னது பொய்யின்னு சந்தைக்கே கேக்குற மாதிரி கத்து. மீதிய தர்றேன்" என்கிறார் மண்டிக்காரர்.

"இன்னிக்கி மைக்கு இல்லியே மொதலாளி" என்கிறார் சடையன். எடை ஆள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்.

சடையன் என் பக்கம் திரும்புகிறார். "பாத்திரக்காரரே, எட கொறச்சு காட்ட மூட்டைக்கு அடியில இந்த எட ஆளு கால முட்டுக் குடுத்தாரே, நீங்களும் பாத்தீங்கதானே?"

பார்த்தேன். "நான் வெளியூருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறேன்.

அவர் மனைவி என்னைப் பார்த்தபடியே காலிச் சாக்குகளை மடிக்கிறாள்.

"சொன்னது சொன்னதுதான். மீதி இங்கியே கெடக்கட்டும்" என்று சடையன் நடக்கிறார்.

லாரியில் எனக்கு முன்சீட்டே கிடைக்கிறது. சடையனுக்கு வரவேண்டிய மீதி முப்பத்தெட்டு ரூபாய்.